பர்மாவில் படையாட்சியும் எதிர்த்தோரின் பிளவும்

ஓர் ஆட்சி நெடுங்காலம் நிலைபெறுதற்கு அதன் படைவலி ஒன்றே காரணமாவதில்லை. அதனை எதிர்ப்போர் தம்முள் ஒருவரையொருவர் நம்பாதிருத்தலும் அதற்கு அரணாய் அமைவதுண்டு. படையையும் அரணையும் தனித்தனி அதிகாரங்களில் விளக்கிய வள்ளுவர், உட்பகைக்கெனவும் ஓர் அதிகாரம் வகுத்தமை ஈண்டு நினைக்கற்பாலது. இவ்வுண்மைக்கு அண்மைக்கால ஆசிய வரலாற்றில் விரிவான சான்று தரும் நாடு பர்மா ஆகும்.

1962 மார்ச் 2 ஆம் நாள் விடியுமுன் சேனாதிபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1989 இல் மியன்மார் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்நாட்டில், அதன்பின் இராணுவத்தின் கை தளர்ந்த காலம் மிகச் சிறிது. எதிர்த்தோரோ தொகையிற் குறைந்தவரல்லர். மலைநாட்டு இனங்களின் படைகள், கம்யூனிஸ்ட் கட்சியினர், மாணவர், பிக்குகள், பதவியிழந்த பிரதமர், பொதுத்தேர்தலில் வென்ற கட்சியினர் எனப் பலரும் எதிர்த்தனர். ஆயினும் அவர்கள் யாவரும் ஒரே அணியாய் நின்றதில்லை. அதற்குத் தலைவர்களின் தன்னலமே காரணம் எனக் கூறி அமைதல் எளிது. வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு வேறொரு காரணம் புலனாகும். துன்பக் காலத்தில் ஒருவர்க்கொருவர் அளித்த வாக்கு, வலிமை வந்த காலத்தில் காக்கப்படாது போயிற்று. அவ்வாறு ஏமாந்தோர் அடுத்த முறை நம்ப மறுத்தனர்.

பாங்லோங் உடன்படிக்கை

பிரித்தானியர் பர்மாவை ஒரே சீராக ஆளவில்லை. பர்மியர் வாழ்ந்த சமவெளியை நேரடியாக ஆண்டனர். ஷான், கச்சின், சின் மக்கள் வாழ்ந்த எல்லைப்புற மலைநாடுகளை அவ்வவ்விடத்துச் சிற்றரசர், தலைவர் வழியே வேறாக ஆண்டனர். படைக்கு ஆள் சேர்த்தபோது பர்மியரைப் பெரிதும் விலக்கி, கரேனியர், கச்சினர், சின்னர் ஆகியோரையே விரும்பினர். 1942 இல் யப்பானியப் படையுடன் பர்மிய விடுதலைப் படையும் நாட்டினுட் புகுந்தது. பிரித்தானியர் பக்கம் நின்ற கரேனியர் பலர் ஐராவதிக் கழிமுகத்தில் மியாவுங்மியா என்னும் பகுதியிற் கொல்லப்பட்டனர். பர்மியர் விடுதலையின் தொடக்கமெனப் போற்றிய அதே ஆண்டினைக் கரேனியர் படுகொலையின் ஆண்டாக நினைவிற்கொண்டனர்.

இப்பிளவை ஆற்ற முயன்றவர் ஆங் சான். 1947 பெப்ரவரி 12 ஆம் நாள் ஷான் நாட்டுப் பாங்லோங் என்னும் ஊரில் ஷான், கச்சின், சின் தலைவர்களுடன் அவர் ஓர் உடன்படிக்கை செய்தார். எல்லைப்புற நாடுகள் தம் உள்விவகாரங்களில் முழுச் சுயாட்சி பெறும் என்பது அதிற் கொள்கையளவில் ஏற்கப்பட்டது. எனினும் அதன் குறைகளும் வெளிப்படையானவை. கரேனியர் பார்வையாளராகவே வந்திருந்தனர். மொன் மக்களும் அரக்கன் மக்களும் சமவெளிப் பர்மாவைச் சேர்ந்தோராகக் கணிக்கப்பட்டமையால் அதில் இடம்பெறவில்லை. உடன்படிக்கை செய்தவரும் நெடுநாள் வாழ்ந்திலர். அவ்வாண்டு யூலை 19 ஆம் நாள் ஆங் சானும் அவர்தம் சகாக்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அதன்பின் இயற்றப்பட்ட அரசியலமைப்பு இனங்களை ஒரே கோலால் அளக்கவில்லை. ஷான் நாட்டுக்கும் கரென்னி நாட்டுக்கும் பத்தாண்டின் பின் பிரிந்துசெல்லும் உரிமை எழுதப்பட்டது. கச்சினர்க்கு நாடு வழங்கப்பட்டது, அவ்வுரிமை வழங்கப்படவில்லை. சின்னர்க்கு நாடு என்னும் பெயர்தானும் கிட்டவில்லை. ஒரு தந்தையின் மக்களுக்கு வெவ்வேறு பங்கு வகுத்தாற்போல அமைந்த இவ்வேற்பாடு, பர்மியர்மீது மட்டுமன்றி மலைநாட்டினர் தம்முள்ளும் ஐயத்தை விதைத்தது.

உள்நாட்டுப் போரும் படையின் எழுச்சியும்

1948 ஜனவரி 4 ஆம் நாள் பர்மா சுதந்திரம் பெற்றது. மார்ச் மாத இறுதியிற் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதமேந்தியது. 1949 ஜனவரி இறுதியிற் கரேனியர் தலைநகரையடுத்த இன்செயினிற் போர் தொடங்கினர். அரசாங்கப் படையினின்று பல படைப்பிரிவுகள் பிரிந்துபோயின. ஊ நூவின் அரசாங்கம் இரங்கூனையும் அதன் சுற்றுப்புறத்தையுமே ஆளுகிறது என்று எள்ளப்படும் நிலை தோன்றிற்று.

அரசாங்கம் வீழாதது வியப்பன்று. கிளர்ந்தெழுந்தோர் ஒரு திசை நோக்கிப் போரிடவில்லை. கம்யூனிஸ்டுகளே செங்கொடியினர், வெண்கொடியினர் எனப் பிளவுண்டிருந்தனர். அவர்கள் கரேனியரைப் பிரித்தானியரின் கருவிகள் என்றனர். கரேனியர் கம்யூனிஸ்டுகளைப் பர்மியக் கட்சியின் மற்றொரு வடிவம் எனக் கருதினர். 1949 இல் மாண்டலே நகரம் இவ்விரு சாராரின் கையிலும் ஒருசேர வந்தும், அவ்வெற்றியின்மீது பொதுவான திட்டம் எதனையும் கட்டியெழுப்ப அவர்களால் இயலவில்லை.

அப்போரிலிருந்து பயன்பெற்றது இராணுவம். கரேனியரான சேனாதிபதி ஸ்மித் டன் விலக்கப்பட்டு 1949 தொடக்கத்தில் நே வின் அவ்விடத்தைப் பெற்றார். நாட்டைச் சிதறாது காப்பது தானே என்னும் எண்ணம் படையினுள் வேரூன்றியது. 1958 இல் ஆளுங்கட்சி இரண்டாகப் பிளந்தபோது நே வின் இடைக்காலப் பிரதமராகி 1960 வரை ஆண்டார். 1962 பெப்ரவரியில் ஷான் முதலிய இனங்களின் தலைவர்கள் உண்மையான சமஷ்டி ஆட்சி வேண்டி இரங்கூனிற் கூடினர். அக்கூட்டத்தின் விவாதம் முடியுமுன்னரே ஆட்சி கைப்பற்றப்பட்டது. நாடு சிதறுவதைத் தடுத்தல் வேண்டும் என்பது கூறப்பட்ட காரணம். நாட்டின் முதற் சனாதிபதியாக இருந்த ஷான் அரசர் சாவோ ஷ்வே தைக் சிறைப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிற் சிறையிலேயே இறந்தார்.

தனித்தனிப் பேச்சும் ஊ நூவின் உடன்பாடும்

1963 இற் புரட்சிக் கவுன்சில் போராடும் குழுக்கள் யாவற்றையும் பேச்சுக்கு அழைத்தது. நவம்பர் மாதத்திற் பேச்சுக்கள் முறிந்தன. எனினும் கரேனியரில் ஒரு பிரிவினர் 1964 இல் அரசாங்கத்துடன் தனியே சமாதானம் செய்துகொண்டனர். இச்சிறு நிகழ்ச்சி பின்வந்த முப்பதாண்டுக்கு முன்மாதிரியாயிற்று. எதிர்த்தோர் யாவரையும் ஒருசேர வெல்லவும் வேண்டியதில்லை, ஒருசேர இணங்கச் செய்யவும் வேண்டியதில்லை. ஒருவரோடு பேசிக்கொண்டே மற்றவரைத் தாக்கலாம் என்பதைப் படைத்தலைமை கற்றுக்கொண்டது.

பதவியிழந்த ஊ நூவின் கதை இன்னும் தெளிவான பாடம் தருவது. 1966 இற் காவலினின்று விடுவிக்கப்பட்ட அவர், 1969 இல் நாட்டைவிட்டு வெளியேறி, தாமே சட்டப்படி பிரதமர் எனக் கூறிப் பாராளுமன்ற ஜனநாயகக் கட்சியை அமைத்தார். 1970 இல் தாய்லாந்து எல்லையிலே கரேனியரோடும் மொன் இயக்கத்தினரோடும் கூட்டுச்சேர்ந்தார். இக்கூட்டு எளிதில் அமைந்ததன்று. இன்செயினிற் கரேனியரை எதிர்த்துப் போரிட்ட அரசாங்கத்தின் தலைவர் அவரே. 1961 இற் பௌத்தத்தை அரச சமயமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்து, கிறித்தவர் பலராயிருந்த கச்சினரின் மனத்தைப் புண்படுத்தியவரும் அவரே. எனினும் பொதுப்பகை இவர்களை ஒரு பந்தியில் அமர்த்தியது.

வெற்றியின்பின் நாடுகளுக்குப் பிரிந்துசெல்லும் உரிமை உண்டா என்னும் வினாவிலே அக்கூட்டு முறிந்தது. கரேனியரும் மொன்னரும் அவ்வுரிமையை எழுத்தில் வேண்டினர். ஊ நூ அதற்கு உடன்படாது 1972 அளவில் தாம் அமைத்த கட்சியின் தலைமையினின்றும் விலகினார். தமது பதவிக்கு ஆதாரமாக அவர் காட்டிய 1947 ஆம் ஆண்டு அரசியலமைப்பே அவ்வுரிமையை இரு நாடுகளுக்கு வழங்கியிருந்தது என்பது கருதத்தக்கது. 1980 இற் பொதுமன்னிப்பு ஏற்று அவர் இரங்கூன் திரும்பினார். எல்லையில் எஞ்சியோர்க்கு, காட்டில் இருக்குங்காலைத் தோழர் எனப்படுவோர் நகர் சேர்ந்ததும் யாராவர் என்னும் ஐயம் மேலும் வலுத்தது.

கம்யூனிஸ்டுகளும் மலைநாட்டு முன்னணியும்

1968 தொடக்கத்திற் கம்யூனிஸ்ட் கட்சி சீனாவின் துணையுடன் வடகிழக்கு எல்லையில் புதிய போர்முனை திறந்தது. அதனிடம் ஆயுதம் மிகுதியாயிருந்தது. மலைநாட்டுக் குழுக்களோ ஆயுதத்துக்கு வாடின. ஆயுதம் வேண்டுவோர் கட்சியின் தலைமையை ஏற்றல் வேண்டும் என்பது நிபந்தனையாக வந்தபோது, ஏற்போர், ஏற்காதோர் எனக் குழுக்கள் இரண்டுபட்டன. ஷான் இயக்கம் இதனாற் பிளவுற்றது. கச்சின் விடுதலைப் படை 1976 வரை கம்யூனிஸ்டுகளோடு போரிட்டுப் பின்னர் இணங்கியது.

1976 மே மாதத்தில் மலைநாட்டு இயக்கங்கள் தேசிய ஜனநாயக முன்னணி என்னும் கூட்டமைப்பைத் தோற்றுவித்தன. 1984 இல் அம்முன்னணி, தனித்தனி நாடுகள் என்னும் இலக்கைக் கைவிட்டு, சமஷ்டி ஒன்றியமே தன் குறிக்கோள் எனத் தீர்மானித்தது. சமவெளியாரோடு இணைதற்கு இது திறந்த வாயில் எனலாம். ஆயினும் 1986 இல் முன்னணிக் குழுவினர் கம்யூனிஸ்டுகளோடு படைத்துறை உடன்பாடு செய்தபோது, கம்யூனிசத்தை வெறுத்த கரேன் தலைவர் போ மியா அதனை ஏற்க மறுத்தார். முன்னணியின் பெயர் ஒன்றாயிருக்க, அதன் உள்ளம் இரண்டாயிற்று.

1988: தவறிய வாய்ப்பு

இவ்வரலாற்றில் மிக வருந்தத்தக்க பகுதி 1988 ஆம் ஆண்டாகும். நாணயத்தாள்கள் செல்லாதனவாக்கப்பட்டமையாலும் வறுமையாலும் நொந்திருந்த மக்கள், மார்ச் மாதம் முதல் மாணவர் காட்டிய வழியிற் கிளர்ந்தனர். யூலை 23 ஆம் நாள் நே வின் கட்சித் தலைமையினின்று விலகுவதாக அறிவித்தார். ஓகஸ்ட் 8 ஆம் நாள் நாடெங்கும் மக்கள் வீதிக்கு வந்தனர். பிக்குகளும் தொழிலாளரும் அரசாங்க ஊழியரும் ஒருங்கே நடந்தனர். இருபத்தாறாண்டுப் படையாட்சி ஆட்டங்கண்டது.

அதே நாட்களில், தாய்லாந்து எல்லையிலுள்ள மூன்று பகோடாக் கணவாயிலே துப்பாக்கிகள் வெடித்துக்கொண்டிருந்தன. அங்கே போரிட்டோர் இராணுவத்தினர் அல்லர். ஒரே முன்னணியின் உறுப்பினரான கரேனியரும் மொன்னரும் தம்முள் மோதினர். எல்லை வணிகத்திற்குத் தீர்வை அறவிடும் வாயிலும் அதனைச் சூழ்ந்த நிலமும் யாருக்குரியன என்பதே வழக்கு. இவ்வழக்கினை எள்ளி ஒதுக்குதலும் தகாது. வேறு வருவாயற்ற காட்டுப் படைக்குத் தீர்வை வாயிலே திறைசேரி. நெல்லும் மருந்தும் வெடியும் அதிலிருந்தே வந்தன. ஆயினும் தலைநகரில் வரலாறு திரும்பிய வாரங்களில், அதற்காக நாற்பதாண்டு காத்திருந்தோர் ஒரு வாயிலுக்காகத் தம் தோழரோடு பொருதுகொண்டிருந்தனர் என்பது மறுக்கவியலாத உண்மை.

நகரிலும் நிலை வேறன்று. செப்டெம்பர் 9 ஆம் நாள் ஊ நூ, எவரோடும் இசையாது, தாமே பிரதமர் என அறிவித்து அமைச்சரவையொன்றை வெளியிட்டார். ஆங் சான் சூச்சி, ஆங் ஜீ, டின் ஊ ஆகியோர் அதனை ஏற்றிலர். இடைக்கால அரசாங்கம் ஒன்று அமைத்தல் வேண்டும் என்றனர். மாணவர் விரைந்து முடிவு கேட்டனர். தலைவர்கள் ஒருமித்து ஓர் அரசாங்கத்தை அறிவிக்குமுன், செப்டெம்பர் 18 ஆம் நாள் இராணுவம் நேரடியாக ஆட்சியை ஏற்று மக்களைச் சுட்டது. தேசிய ஜனநாயக லீக் அமைக்கப்பட்ட சில மாதங்களுக்குள்ளேயே, சூச்சியைச் சூழ்ந்திருப்போர் கம்யூனிஸ்டுகள் எனக் குறைகூறி ஆங் ஜீ பிரிந்துபோனார். 1990 மே 27 ஆம் நாள் தேர்தலில் அந்த லீக் 485 ஆசனங்களில் 392 ஐ வென்றும், அதிகாரம் கையளிக்கப்படவில்லை.

ஐயம் உள்நோக்கித் திரும்புதல்

சுடப்படாது தப்பிய மாணவர் ஆயிரக்கணக்கில் எல்லைக் காடுகளுக்குச் சென்றனர். 1988 நவம்பரில் அகில பர்மா மாணவர் ஜனநாயக முன்னணி அமைந்தது. பர்மிய இளைஞர் மலைநாட்டாரின் வாழ்வை நேரிற் கண்டது இதுவே முதன்முறை எனல் மிகையாகாது. அவர்களுக்கு உணவும் புகலிடமும் அளித்தோர் கரேனியரும் கச்சினருமே. எனினும் ஒற்றரைப் பற்றிய அச்சம் அவர்கள் நடுவே புகுந்தது. அந்த அச்சத்துக்கு ஆதாரமும் இருந்தது. 1968 இற் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் தான் துன் தம்மைச் சார்ந்தோனாக நடித்த ஒருவனாலேயே கொல்லப்பட்டிருந்தார். ஆனால் அச்சம் அளவு கடந்தது. கச்சின் நாட்டிலிருந்த மாணவர் முன்னணியின் வடபிரிவு, தன் தோழர் பலரை ஒற்றரெனச் சிறைப்படுத்தி வதைத்து, 1992 பெப்ரவரி 12 ஆம் நாள் பதினைவரைக் கொன்றது. அந்நாள் பாங்லோங் உடன்படிக்கையின் நினைவு நாள். நாடு முழுவதும் ஒன்றிய நாளெனக் கொண்டாடப்படுவது. இருபதாண்டின் பின் அம்முன்னணியே விசாரணைக் குழுவொன்றை நியமித்து இக்கொடுமையை ஆராய்ந்தது.

இராணுவமோ 1964 இற் கற்ற பாடத்தை இப்போது பெரிய அளவிற் கையாண்டது. 1989 மார்ச், ஏப்ரில் மாதங்களில், பர்மியத் தலைமையின்கீழ்ப் போரிட்டு மடிந்த கொகாங், வா இனப் படையினர் எழுந்து கம்யூனிஸ்ட் கட்சியைச் சிதைத்தனர். உளவுத்துறைத் தலைவர் கின் நியுன்ற் உடனடியாகச் சென்று அவர்களோடு போர்நிறுத்தம் செய்தார். 1994 இற் கச்சினரும் 1995 இல் மொன்னரும் தனித்தனியே இணங்கினர். ஓரிடத்திற் போர்நிறுத்தம் ஏற்பட, அங்கிருந்த படை மற்றோரிடத்துக்குச் சென்றது.

கரேனியரின் வீழ்ச்சி உள்ளிருந்தே வந்தது. அவர்தம் தலைவரிற் பெரும்பாலோர் கிறித்தவர். படையாளரில் மிகப் பலர் பௌத்தர். பதவியும் வசதியும் கிறித்தவர்க்கே செல்கின்றன என்னும் மனக்குறை நெடுநாளாய் இருந்தது. பகோடா கட்டுதல் தொடர்பான பிணக்கு அதனைக் கொழுத்தியது. 1994 டிசம்பரிற் பௌத்தப் படையாளர் பிரிந்து தனிப்படை அமைத்தனர். அவர்கள் வழிகாட்ட இராணுவம் முன்னேறியது. 1995 ஜனவரி 27 ஆம் நாள் மனெர்பிளா வீழ்ந்தது. அது கரேனியரின் தலைமையிடம் மாத்திரமன்று. மலைநாட்டு முன்னணிக்கும், 1990 இல் வென்ற உறுப்பினர் அமைத்த மாற்று அரசாங்கத்துக்கும் அதுவே இருப்பிடம். பிளவினை இராணுவம் பயன்கொண்டது உண்மை. ஆயின் அதற்கு இடமளித்தது தம்மவரின் குறையைக் காலத்தே கேளாத தலைமையே.

வலிமை வந்த காலம்

2015 ஆம் ஆண்டுத் தேர்தலில் தேசிய ஜனநாயக லீக் பெருவெற்றி பெற்றது. 2008 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி பாராளுமன்றத்தின் காற்பங்கு ஆசனங்களும் முக்கிய அமைச்சுக்களும் இராணுவத்திடமே இருந்தமையால், அவ்வரசாங்கத்தின் கைகள் கட்டுண்டிருந்தன என்பதை ஒப்புதல் வேண்டும். ஆயினும் கட்டுண்ணாத கைகளால் அது செய்தவற்றையும் நோக்குதல் வேண்டும். அரக்கன் நாட்டுச் சபையில் அந்நாட்டுக் கட்சியே மிகுந்த ஆசனம் வென்றிருந்தும், லீக் தன் கட்சியினரையே முதலமைச்சராக்கியது. மொன் நாட்டிற் கட்டப்பட்ட பாலத்துக்கு அம்மக்களின் விருப்பத்துக்கு மாறாக 2017 இல் ஆங் சானின் பெயர் சூட்டப்பட்டது. அவ்வாண்டு ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட றோகிஞ்சா மக்கள் வங்காளதேசத்துக்குத் துரத்தப்பட்டபோது, படையாட்சியால் தாமும் துன்புற்ற தலைவர்கள் அப்படைக்காகவே வாதாடினர். 2019 டிசம்பரில் ஹேக் நீதிமன்றத்திற் சூச்சியே தோன்றினார்.

2021 பெப்ரவரி 1 ஆம் நாள் இராணுவம் அவ்வரசாங்கத்தையும் கவிழ்த்தது. மீண்டும் நகர இளைஞர் மலைக்குச் சென்றனர். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியிற் சமஷ்டி ஜனநாயகச் சாசனம் வெளியிடப்பட்டது. ஏப்ரிலிற் பல இனத்தவரையும் கொண்ட தேசிய ஒற்றுமை அரசாங்கம் அறிவிக்கப்பட்டது. யூன் மாதத்தில் அது றோகிஞ்சா மக்களின் உரிமையை ஏற்கும் அறிக்கை வெளியிட்டது. முன்னை நாட்களில் எழாத குரல் இது.

ஆனால் பழைய வினா மறையவில்லை. 2023 ஒக்டோபர் 27 ஆம் நாள் கொகாங், தாங், அரக்கன் படைகள் மூன்றும் இணைந்து ஷான் நாட்டின் வடபகுதியில் தொடங்கிய தாக்குதல், இராணுவத்துக்குப் பேரிழப்பை உண்டாக்கியது. அவை ஒற்றுமை அரசாங்கத்தின் ஆணைக்கு உட்பட்டவையல்ல. 2024 இல் லாஷியோ நகரைக் கைப்பற்றிய கொகாங் படை, சீனாவின் நெருக்குதலால் 2025 ஏப்ரிலில் அதனை இராணுவத்திடமே ஒப்படைத்தது. ஷான் நாட்டிலே எதிர்ப்புக் குழுக்கள் தம்முள் எல்லைக்காகப் பொருதமையும் உண்டு.

முடிவுரை

இந்நெடிய வரலாற்றிலே கூட்டணிகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் புதுப்பெயரில் ஒன்றை அமைத்தது. அவை யாரை எதிர்ப்பது என்பதில் உடன்பட்டன. வென்றபின் எவ்வாறு வாழ்வது என்பதைப் பின்னைக்கு ஒத்திவைத்தன. ஒத்திவைத்த வினாவே ஒவ்வொரு கூட்டணியையும் உடைத்தது.

நம்பிக்கையின்மை என்பது அறிவுரையால் நீங்கும் நோயன்று. பட்டறிவினால் வந்ததனைப் பட்டறிவே நீக்கவல்லது. சிறியோர் பெரியோரை நம்பவேண்டுமாயின், பெரியோர் தமக்கு இழப்பு நேரும் வேளையிலும் ஒருமுறையேனும் சொற்காத்துக் காட்டுதல் வேண்டும். சிறியோரும் தம்முள் தம்மினும் சிறியோர்க்கு அதே நீதியை வழங்குதல் வேண்டும்; கரேன் படையின் பௌத்தரும் அரக்கன் நாட்டு றோகிஞ்சாவினரும் அதற்குச் சான்றாவர். பாங்லோங் உடன்படிக்கை சில பக்கங்களே கொண்ட சிறு ஏடு. அதனை இயற்றுதற்குச் சில நாட்களே சென்றன. அதனைக் காத்துக்காட்டும் பணியோ முக்காற்பங்கு நூற்றாண்டு கடந்தும் முற்றுப்பெறவில்லை.